லீவுக்கு வரும் பிள்ளைகள் கையில் எந்த நாவலைக் கொடுப்பது?

மே மாதம் வந்தால் செட்டிநாட்டு வீடுகளில் பூட்டுத் திறக்கும். சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், கோயில் காரியம் என்று பெரியவர்களுக்கு வேலை சரியாக இருக்கும். 13 வயதிலிருந்து 17 வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் ஒரு வேலையும் இருக்காது. வளவில் ஓடிப்பிடித்து விளையாடும் வயது தாண்டிவிட்டது. பட்டாலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் வயது இன்னும் வரவில்லை. சிக்னல் கிடைக்கிற தூணாகப் பார்த்துச் சாய்ந்துகொண்டு போனைத் தேய்ப்பார்கள். அதுவும் அலுக்கும் ஒரு மத்தியானத்தில் வீட்டு ஆச்சி யாராவது கேட்பார்: "இதுகளுக்குப் படிக்கக் கதைப்புத்தகம் ஏதாச்சும் சொல்லேன்."

சின்னப் பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த வேலையை நம்ம பக்கத்து ஆட்களே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரத்துக்காரர். வாண்டுமாமா பிறந்தது அரிமழம். இரண்டு பேர் பெயரும் 'கோகுலம்' இதழோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். ஆனால் அந்த அலமாரியைத் தாண்டியதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 14 வயதுப் பையனுக்கு முயல் பேசும் கதையைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பான். அப்பச்சி (அப்பா) படிக்கிற நாவலைக் கொடுத்தால் இருபதாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவான்.

பெரியவர்கள் புத்தகத்தின் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பிள்ளைகள் தடிமனைப் பார்க்கிறார்கள். இதில் நான் பிள்ளைகள் கட்சி. இந்த வயதில், முடித்த புத்தகம்தான் அடுத்த புத்தகத்தைக் கொண்டுவரும். பாதியில் விட்டது எவ்வளவு பெரிய காவியமாக இருந்தாலும் தமிழில் படிப்பதன் மேலேயே ஒரு சலிப்பை ஏற்றிவிடும். ஆகவே நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம். லீவு முடிவதற்குள் இந்தப் பிள்ளையால் இதை முடிக்க முடியுமா? கதையின் நடுவில் நிற்கிற ஆள் இதன் வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறானா? எழுதியவர் யார், விருது வாங்கியதா என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது எல்லோரும் முதலில் சொல்லும் புத்தகம்தான். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாரம் ஒரு தடவை, காத்திருந்து படிக்கிறவர்களுக்காக எழுதிய கதை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு, நடுநடுவே முன்கதையை எடுத்துச் சொல்வது, ஏரியும் ஆறும் வயலுமாகப் பக்கக்கணக்கில் வர்ணனை. வாராவாரம் படித்தவர்களுக்கு இவையெல்லாம் சுகம். ஐந்து பாகத்தையும் அடுக்கி வைத்து லீவுக்குள் படி என்று சொல்வது, கல்யாண வீட்டுப் பலகாரத் தூக்கை முன்னால் வைத்து ஒரே மூச்சில் தின்னச் சொல்கிற மாதிரி. முதல் பாகமான 'புதுவெள்ள'த்தை ஆசையாக முடித்துவிட்டு, இரண்டாவதில் ஆள் பெயர்கள் குழம்பி நின்றுபோன பிள்ளைகள் நிறைய.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022-லும் 2023-லும் வந்த இரண்டு படங்களையும் பார்த்த பிள்ளை என்றால் நிலைமை வேறு. பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார், நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் என்ன என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகம் மனசில் ஓடும், பரவாயில்லை, ஓடட்டும். படத்தில் சுருக்கியதையெல்லாம் புத்தகத்தில் கண்டுபிடிக்கிற ஆர்வமே அதை இழுத்துக்கொண்டு போகும். படம் பார்க்காத, தமிழ் கொஞ்சம் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு நான் கொடுப்பது 'பார்த்திபன் கனவு.'

1940களின் தொடக்கத்தில் தொடராக வந்த கதை அது, இதுவும் கல்கி எழுதியதுதான். ஒரே புத்தகம். பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போகும் சோழ மன்னன் பார்த்திபன், அவன் கனவை நெஞ்சில் சுமக்கிற மகன் விக்கிரமன், படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி, யாரென்று தெரியாத ஒரு சிவனடியார். இவ்வளவு பேரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விக்கிரமனைக் கப்பலேற்றி நாடு கடத்திவிடுவார்கள். அவன் ரத்தின வியாபாரி வேஷத்தில் திரும்பி வருவான். கடல் கடந்து போன பையன் வியாபாரியாக வந்து இறங்குகிற கதையை நம்ம ஊர்ப் பிள்ளைக்குத் தனியாக விளக்கவே வேண்டாம். சிவனடியார் யாரென்று பாதியிலேயே பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். அது நாவலுக்குக் குறைதான். ஆனால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு பிள்ளை குதிப்பதைப் பார்த்த பிறகு இந்தக் குறையே ஒரு வசதியாகத்தான் படுகிறது. இதே வரிசையில் வரும் 'சிவகாமியின் சபதம்' நடனமும் துயரமுமாக நிதானமாகப் போவது. இந்த வயதுக்கு அவசரமில்லை.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சிலும் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன. மலிவுப் பதிப்பை வாங்குமுன் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பாருங்கள். பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருந்தால் அந்த விலைக்குக்கூட வேண்டாம். முன்கட்டில் கரண்ட் போன மத்தியானத்தில் பெரியவர்களாலேயே படிக்க முடியாது.

சரி, ராஜா ராணிக் கதையே பிடிக்காத பையன்கள் இருக்கிறார்களே? அவர்களுக்கு இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்று சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', இன்னொன்று ஜெயமோகனின் 'பனிமனிதன்.'

'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர். கதை நடக்கும் காலமாக சுஜாதா வைத்தது இந்த 2020களின் தொடக்கத்தை. அதாவது அவருடைய எதிர்காலம் நமக்குப் போன வருஷங்கள். நிலா என்ற பெண், காணாமல் போகும் கணவன் சிபி, நாட்டையே கைப்பிடிக்குள் வைத்திருக்கும் ஜீவா, எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஜீனோ என்ற இயந்திர நாய். ஜீனோ பேசும், படிக்கும், யோசிக்கும், கிண்டலும் அடிக்கும். செயற்கை நுண்ணறிவோடு தினமும் அரட்டை அடிக்கிற இன்றைய பிள்ளைக்கு அந்த நாய் வியப்பாக இருக்காது. தெரிந்த ஆள் மாதிரி இருக்கும். சுஜாதா எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே படிப்பார்கள். "அயித்தை, நாய் பேசுற புக்கு இருக்காமே, அதைக் குடுங்க" என்று அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும். வாக்கியங்கள் சின்னவை, வேகம் அதிகம். பாதகம் என்று பார்த்தால், நிலாவை வர்ணிக்கிற தோரணை சில இடங்களில் இன்றைய பெண்பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டும். ஊட்டட்டும், அதைப் பற்றியும் பேசலாம். முடித்ததும் 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாவது புத்தகம் காத்திருக்கிறது. இந்த வயதில் அது பெரிய லாபம்.

'பனிமனிதன்' தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலைப் பனியில் தெரிந்த பிரம்மாண்டமான காலடித் தடத்தைத் தேடிப் போகும் ராணுவ அதிகாரி பாண்டியன், டாக்டர் திவாகர், கிம் என்ற சிறுவன், இவர்கள் மூன்று பேரின் பயணம். பனிச்சரிவு, பாதாளம், விசித்திர உயிர்கள் என்று ஒரு பக்கம் ஓடும். பரிணாமம், பௌத்தம், மனம் என்றால் என்ன என்று இன்னொரு பக்கம் பேசும். தகவல் சொல்வதற்காகக் கதை நிற்கும் இடங்கள் உண்டு. கேள்வி கேட்கிற சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த இடங்கள்தான் பிடிக்கின்றன. 13 வயதென்றால் பனிமனிதன், 15 ஆகிவிட்டதென்றால் ஜீனோ. இரண்டுக்கும் நடுவே 14-இல் நிற்கிற பிள்ளையிடம் இரண்டையும் நீட்டுங்கள். அட்டையைப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

துப்பறியும் கதை கேட்கிறவர்களுக்குத் தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணனின் சங்கர்லால் இருக்கிறார். நம்ம ஊர்க்காரர் என்பதற்காகக் கூட்டிச் சொல்லமாட்டேன். வெப் சீரீஸ் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்த மர்மங்கள் போதவே போதாது. ஆனால் அந்தத் தமிழ் தெளிவானது, குறுகிய வாக்கியம், நேரான பேச்சு. சிங்கப்பூரிலிருந்து வந்து, எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுத்துப் பார்க்கலாம். மணிமேகலைப் பிரசுரத்தில் கேட்டால் கிடைக்கும்.

இப்போது எழுதுகிறவர்கள் பக்கம் வந்தால், 13-14 வயதுக்கு என் முதல் சிபாரிசு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை.' 2023-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். விருதுக்காகச் சொல்லவில்லை, கீழடிக்காகச் சொல்கிறேன். லீவுக்குக் கீழடி பக்கம் வரும் இன்றைய சிறுவன் ஒருவனுக்கும், அந்த மண்ணில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஆதனுக்கும் நட்பு உண்டாகிற கதை. ஆதன் என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டிலேயே அந்தப் பெயர் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறிக் கிடக்கிறது. கீழடி நம்ம சிவகங்கை மாவட்டம்தான். 2023-இல் அங்கே திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், தூணும் முற்றமுமாகக் கட்டியது. புத்தகத்தைக் கொடுத்த வாரமே காரை எடுத்துக்கொண்டு கூட்டிப் போனால், அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் பிள்ளை நிற்கிற நேரமே வேறு. புத்தகமும் சின்னது. இரண்டு மத்தியானம் போதும்.

அதோடு ஒப்பிட்டால் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கானது. தப்பான தொடுதலைப் பற்றிப் பயமுறுத்தாமல் பேசுகிறது. அதை 12 வயதுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் சிறியதுதான், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். ஆனால் கேள்வி கேட்ட ஒரு மாணவிக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்கிற அந்தக் கதையின் முடிவு தாங்க முடியாதது. பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வாரத்தில் அதைக் கொடுக்காதீர்கள். ரிசல்ட் வந்த பிறகு, முடிந்தால் அந்த வீட்டில் இருக்கிற ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாரி பாட்டர் தமிழில் நன்றாகவே வந்திருக்கிறது, ஆனால் அதை விரும்புகிற பிள்ளை ஏற்கெனவே ஆங்கிலத்தில் படித்திருக்கும். 'குட்டி இளவரசன்' எல்லோரும் பரிசாகக் கொடுப்பது. கொடுக்கிற பெரியவர்களுக்குத்தான் அது அதிகம் பிடிக்கிறது என்பது என் சந்தேகம். ஜப்பானிய ரயில்பெட்டிப் பள்ளிக்கூடத்தைச் சொல்லும் 'டோட்டோ-சான்' நாவலே இல்லை, நினைவுக் குறிப்பு. ஆனாலும் கொடுத்த இடத்தில் எல்லாம் படிக்கப்படுகிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் வேண்டியது கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்.' புல்வெளிக் கிராமத்தில், தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞன் பள்ளிக்கூடம் தொடங்குகிறான். அல்தினாய் என்ற அனாதைப் பெண்ணைப் படிக்கவிடாமல் கல்யாணம் என்ற பெயரில் விற்கப் பார்க்கிறார்கள். நூறு பக்கத்தைச் சுற்றி இருக்கும், அவ்வளவுதான். பத்தாவது முடித்த பெண்பிள்ளை கையில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

15 வயதுக்கு மேல் போனால், சிறுவர்களுக்கு என்று தனியாக எழுதிய புத்தகங்களிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு எழுதியதில், நடுவில் ஒரு பதின்வயதுப் பிள்ளை நிற்கிற நாவல்கள் தமிழில் உண்டு. என் அலமாரியில் அதிகம் கைமாறுவது பூமணியின் 'வெக்கை.'

1982-இல் வந்த நாவல். சிதம்பரத்துக்கு 15 வயது. தன் அண்ணனைக் கொன்றுபோட்ட வடக்கூரானை அரிவாளால் வெட்டிவிட்டு ஓடுகிற இடத்தில் கதை தொடங்குகிறது. கையை மட்டும் எடுக்க நினைத்தது உயிரை எடுத்துவிட்டது. அப்புறம் எட்டு நாள், அப்பாவோடு காடு, மலை, கண்மாய் என்று மறைந்து திரிகிறான். 2019-இல் வந்த 'அசுரன்' படம் இதிலிருந்து எடுத்ததுதான். படத்தில் கதை அப்பாவின் தோளுக்குப் போய்விட்டது. நாவல் கடைசிவரை பையனோடுதான் நடக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் படம் பார்த்த பையன்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள். கரிசல் பேச்சு முதல் சில பக்கங்களில் காலைத் தடுக்கும். அதற்குள் என்ன நடந்தது என்று தெரியவேண்டிய அவசரம் வந்துவிடுவதால் தாண்டிவிடுவார்கள்.

கொலையில் தொடங்குகிற நாவலைப் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அதே வீட்டு ஹாலில் அந்தப் பிள்ளை ராத்திரி பார்க்கிற படங்களைப் பற்றி நான் பதிலுக்குக் கேட்பதில்லை. பூமணி வெட்டைக் கொண்டாடவில்லை. பசி, தூக்கம் வராத இரவு, அம்மாவும் தங்கச்சியும் என்ன ஆனார்களோ என்ற பயம், காட்டில் எதைப் பறித்து எதைச் சமைப்பது, அப்பா தன் பழங்கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது, இவைதான் பக்கங்களை நிறைத்திருக்கின்றன. பழிவாங்கியவனுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று யோசிக்க வைக்கிற புத்தகம் 15 வயதில்தான் கையில் கிடைக்க வேண்டும்.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு.' 1964-இல் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளைக் கிராமம். நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது, வீட்டுக்குள்ளேயே வளர்கிறாள். பனையேறி மகன் தங்கராஜ் மீது அவளுக்கு உண்டாகும் அன்பைச் சத்தமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போகும் நாவல். சிதம்பரம் வீட்டை விட்டு ஓடுகிறான், லிஸி வீட்டுக்குள் அடைபடுகிறாள். வேகம் தேடுகிற பிள்ளைக்கு இது ஆகாது. ஆனால் நம்ம வீடுகளில் இரண்டாம் கட்டைத் தாண்டாமலேயே வயதாகிப்போன ஆச்சிமார்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்பிள்ளை ஒன்று இதைப் படித்துவிட்டு, தன் ஆயாவிடம் (பாட்டியிடம்) போய் அவர் எத்தனாவது வரை படித்தார், யார் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தொடங்கிவிடும். புத்தகம் சின்னது. குமரித் தமிழுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' மூன்றாவது. 1947-48-இல் செகந்திராபாத், நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள். ரயில்வே ஊழியர் மகன் சந்திரசேகரன் கல்லூரியில் காலெடுத்து வைத்த வயது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் ஊர் மாறுகிறது, நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள் வருகிறார்கள், கூட ஆடினவர்கள் வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள். வெக்கையில் முதல் பக்கத்திலேயே எல்லாம் நடந்துவிடும். இதில் எதுவும் நடக்காத மாதிரியே போய்க் கடைசியில் தலையில் அடிக்கும். அந்தக் கடைசிப் பக்கங்களில், கலவரத்தில் மாட்டிய ஒரு குடும்பத்துப் பெண் வரும் காட்சியைப் பெற்றோர் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. 16 வயதுக்கு முன்னால் வேண்டாம் என்பேன். வரலாறு பிடித்த, அசோகமித்திரனின் சிரிக்காத கிண்டல் பிடிபடுகிற பிள்ளைக்கு மட்டும். மற்றவர்கள் "என்னதான் ஆச்சு கதையில?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் வெக்கை.

கடைசியாக, பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பப் போகிற 17 வயதுப் பிள்ளை. இதற்கு நம்ம மண்ணிலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம், 18 வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறினார். போர் முடிந்து திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார். எழுதியது இரண்டே நாவல்: 'கடலுக்கு அப்பால்' 1959-இல், 'புயலிலே ஒரு தோணி' 1972-இல்.

பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் புயலிலே ஒரு தோணியைத்தான் சொல்வார்கள். நல்ல நாவல் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் கையில் மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், மலாக்கா நீரிணையில் புயலில் மாட்டிய தொங்கான் என்ற பாய்மரக் கப்பல், இவற்றுக்கு நடுவே பாண்டியன் என்ற இளைஞன். ஆனால் மது, விலைமாதர், கொலை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வரும்; அதைவிடப் பெரிய தடை, சங்கப் பாட்டிலிருந்து பட்டினத்தார் வரை இழுத்துப் போட்டுக் கிண்டலும் நினைவோட்டமுமாகப் பாய்கிற நடை. அதன் ருசி தெரிய முன்னே கொஞ்சம் படித்திருக்க வேண்டும். 17 வயதில் இதைத் தொடங்கி விட்டுவிட்டால், திரும்ப எடுக்கப் பத்து வருஷம் ஆகும்.

கடலுக்கு அப்பால் நேரான கதை. போரில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பும் செல்லையா பினாங்கில் ஒரு வட்டிக்கடைப் பையன். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை இனிமேல் பேரேட்டைப் பிடிக்காது என்று முதலாளி நினைத்துவிடுகிறார். காதல் கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் கடையின் உள்வேலை முழுக்க இதில் இருக்கிறது. கடையின் அடையாளமான மார்க்கா, பெட்டியடிப் பையனில் தொடங்கி அடுத்தாள், மேலாள் என்று ஏறும் வேலைகள், கணக்கு எழுதும் முறை, வசூலுக்குப் போகும் நடை, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குக் கப்பலேறுவது. செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டி எல்லோரும் பெருமை பேசுகிறோம்; அந்தப் பணம் சேர்ந்த கடைத்தெருவில் 15 வயதுப் பையன்கள் எப்படி வேலை பார்த்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சிங்காரம் சொல்கிறார், பெருமையும் இல்லாமல் வசையும் இல்லாமல். வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிற பிள்ளை செல்லையாவின் தோல்வியைப் படித்துவிட்டுப் போவதில் தப்பே இல்லை. பயப்பட வேண்டிய காட்சியும் அதிகம் இல்லை, 16 வயதிலேயே கொடுக்கலாம்.

இரண்டு நாவலையும் ஒரே கட்டாகப் போட்ட பதிப்பும் உண்டு. அதுதான் கிடைக்கிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், விலையும் கட்டுப்படியாகும். கையில் கொடுக்கும்போது மட்டும், கடலுக்கு அப்பால் தொடங்குகிற பக்கத்தில் ஒரு அட்டையைச் செருகி, "இங்கேயிருந்து படி, முன்னால இருக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.